பெருமழைக்கு மறுநாள் காலை விளையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஊர்களுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். களியக்காவிளை, அருமனை, குலசேகரம், திருவட்டார் பக்கம் ஒரு வீடு அமைந்தால் அதோடு சேர்ந்து ஐந்து சென்டோ பத்து சென்டோ விளையும், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டமும், உங்கள் பொறுப்புக்கு வரும். அதில் தென்னை, கமுகு, பலா, வாழை, மரச்சீனி (மரவள்ளி), சேனை, மிளகுக்கொடி என்று ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்கும். மதுரையிலோ சென்னையிலோ தொட்டியில் செடி வளர்த்த பழக்கம் இங்கே போதாது. இங்கே மழை இரண்டு பருவமாக வரும். வைகாசி பாதியில், மலையாளக் கணக்கில் இடவப்பாதியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். இடையில் கோடை மழையும் இடியோடு வந்து போகும். ஆகவே 'மழைக்கு மறுநாள்' என்பது இங்கே ஆண்டில் பலமுறை வருகிற ஒரு நாள். அந்த நாளை எப்படிச் செலவிடுவது என்று தெரிந்துகொண்டால் விளையின் பாதிக் காரியம் கைவந்துவிடும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். பெருமழை பெய்து ஓய்ந்த காலையில் விளையைப் பார்க்கத்தான் வேண்டும், மண்ணைத் தொடும் வேலை எதுவும் செய்யக் கூடாது. தண்ணீர் எந்த வழியாக இறங்கியது, எங்கே வேகமெடுத்தது, எங்கே தங்கியது, எதை அரித்துக்கொண்டு போனது என்பதெல்லாம் அந்த ஒரு காலைதான் தெளிவாகத் தெரியும். பத்து மணி வெயிலில் பாதித் தடம் மங்கிவிடும். மீதியை நாமே மிதித்து அழித்துவிடுவோம். அதோடு, ஊறிக் கிடக்கிற மண்ணில் நடந்து, வெட்டி, கிளறினால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாமல் அடைத்துக்கொள்ளும். பக்கத்து விளை அம்மச்சி என்னிடம் சொல்வது இதுதான்: "மண்ணு ஊறிக் கெடக்கு மக்களே, இன்னைக்கு மம்பட்டிய எடுக்காத." அந்தச் சொல்லை நான் தட்டுவதில்லை.

வாசற்படி தாண்டும் முன்

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள். இருட்டோடு இறங்கினால் தடமும் தெரியாது, ஆபத்தும் தெரியாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வைப்பது நல்லது. போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். கையில் நீளமான ஒரு கம்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி, தடத்தைக் குறிக்க ஒடித்த சிறு குச்சிகள் கொஞ்சம். இவ்வளவு போதும்.

படியில் நின்றபடியே தலையை உயர்த்தி மேலே பாருங்கள். தென்னோலையோ ரப்பர்க் கிளையோ விழுந்து சர்வீஸ் வயர் தொங்குகிறதா, கம்பி தரையில் கிடக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். கிடந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், நனைந்த தரை வழியாகவும் மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பியில் மாட்டிய ஓலையை இரும்புத் தோட்டியாலோ அலுமினிய ஏணி வைத்தோ எடுக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரை எடுக்கும். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்காதீர்கள். இரவில் காற்றும் சேர்ந்து அடித்திருந்தால், பாதி ஒடிந்த மட்டையும் கிளையும் காலையில்தான் கீழே வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் ஏராளமாகச் சாய்த்தது. அதைக் கண்ட யாரும் தொங்குகிற கிளைக்கு அடியில் நிற்கத் துணியமாட்டார்கள்.

அடுத்தது பாம்பு. வளைக்குள் தண்ணீர் நிறைந்ததும் அது காய்ந்த இடம் தேடி வீட்டுப் பக்கம் வரும். விறகு அடுக்கு, கதம்பை எனும் தேங்காய் மட்டைக் குவியல், மோட்டார் பெட்டி, செருப்பு விடும் இடம் ஆகியவற்றைக் கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்தியாவில் தரும் பாம்பு நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. அதைத் தயாரிக்க வேண்டிய நஞ்சைப் பெருமளவு தருவது 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் மலையடிவார விளைகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் சருகோடு சருகாகக் கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சின்னக் குழிவிரியனின் நஞ்சை அந்த மருந்து முறிக்காது. கடித்தவருக்கு இரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துத்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். எனவே 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

எவ்வளவு பெய்தது?

மழையை அளந்து பழகுங்கள். மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரநிழலும் கூரைத் தூவானமும் படாத இடத்தில் வைத்து, காலையில் ஒரு ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். வானிலைத் துறை 24 மணி நேர மழையைக் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் பார்த்தால் வானொலியில் கேட்கும் அளவோடு ஒப்பிட வசதி. 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

இந்த எண் எதற்கு உதவும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். அதில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் விளையில் விழுந்தது 26,000 லிட்டருக்கு மேல். நூறு சதுர மீட்டர் கூரை மட்டும் 6,000 லிட்டருக்கு மேல் இறக்கிவிடும். அத்தனை தண்ணீரும் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முதல் சுற்று: தண்ணீரின் பின்னால்

முதல் சுற்றில் செடியைப் பார்க்காதீர்கள், தரையை மட்டும் பாருங்கள். கூரைத் தண்ணீர் விழும் இறவாரத்தில் தொடங்குங்கள். அங்கே மண்ணில் குழி விழுந்து கூழாங்கல் தெரிந்தால், ஒவ்வொரு மழையும் அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டுகிறது என்று பொருள். பிறகு கதம்பையை நார்ப்பக்கம் மேலாக அந்த வரிசையில் அடுக்கினால் விழும் வேகம் அடங்கிவிடும்.

அங்கிருந்து சரிவோடு கீழே நடங்கள். தண்ணீர் ஓடிய தடத்துக்கு மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

விரல் அகலத்துக்கு மண்ணில் சிறு கோடுகள் விழுந்திருந்தால் அங்கேதான் தண்ணீர் வேகமெடுத்திருக்கிறது. கோட்டின் தலைப்பில், அது தொடங்குகிற இடத்தில், ஒரு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். அரிப்பைக் கீழே தடுத்துப் பயனில்லை, தலைப்பில்தான் தடுக்க வேண்டும். அந்த இடத்தில் சரிவுக்குக் குறுக்காகத் தென்னை மட்டை இரண்டைப் போட்டு, மேல்பக்கம் சருகு குவித்தாலே தண்ணீர் நின்று நின்று போகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெட்டிவேரையோ தீவனப்புல்லையோ வரிசையாக நட்டுவிடலாம்.

இரண்டாவது, வண்டல். சரிவு முடிகிற இடத்திலும், மண் சரியாமல் தாங்கும் கய்யாலைச் சுவரின் ஓரத்திலும், வாழை மூட்டின் (அடியின்) மேல்பக்கத்திலும் மெல்லிய, வழவழப்பான மண்ணும் இற்ற இலையும் சேர்ந்து படிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைச் சேறு என்று வழித்து ரோட்டோரம் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை. அதுதான் உங்கள் விளையின் மேல்மண். நம்முடைய செம்மண் இயல்பிலேயே புளிப்புத் தன்மையுள்ளது. சத்தெல்லாம் மழையோடு கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும், மிச்சமிருக்கும் செழுமை அந்த மேலடுக்கில்தான். படிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காய்ந்த பிறகு கூடையில் அள்ளி மேலே உள்ள தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிப் போடுங்கள்.

மூன்றாவது, தங்கிய தண்ணீர். எங்கெங்கே குளம்போல நிற்கிறது என்று பார்த்து, அதன் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போங்கள். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வந்து பாருங்கள். அன்றைக்கே வடிந்தால் நல்லது, அந்த இடம் தண்ணீரைக் குடிக்கிறது. மறுநாள் காலையும் அதே அளவு நின்றால் அங்கே வாய்க்கால் வேண்டும். உடனே வெட்டிவிடாமல் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதன் லாபம் இதில்தான் இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் வெட்டிய வாய்க்கால் கோடையில் கிணற்றுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, கொண்டுபோய்விடும்.

மழைக்குழி வெட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். மிதமான சரிவில், வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் கக்கூஸ் தொட்டியிலிருந்தும் தள்ளி வெட்டினால் நல்லது. செங்குத்தான மலைச்சரிவிலும், கய்யாலைக்கு நேர் மேலேயும் வெட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஊறிய மண்ணின் பாரம் கூடினால் சரிவு முழுதாக இறங்கிவிடும். அதனால் கய்யாலையையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே நிலத்தில் புது விரிசல், முன்பில்லாத இடத்தில் கலங்கலாகக் கசியும் ஊற்று, ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம், வயிறு தள்ளிய கய்யாலை: இதில் ஒன்று கண்டாலும் கீழே நிற்காதீர்கள். கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் கொடுங்கள்.

இரண்டாம் சுற்று: செடிகளிடம்

இப்போது செடிகளைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் தர வேண்டியதில்லை. கமுகும் பலாவும் பெரும்பாலும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். நல்லமிளகு என்கிற மிளகுக்கொடிக்குத்தான் நான் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் மழைக்காலத்தில் அதற்கு வரும் வாட்டம் நோயைக் கண்டதும் நடவடிக்கை எடுக்காவிட்டால் கொடியே போய்விடும்.

பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரால் வருகிறது அந்த நோய். மண்ணிலும் தண்ணீரிலும் இருந்துகொண்டு, மழைத்துளி தெறிக்கும்போது சேற்றோடு சேர்ந்து இலைக்கு ஏறும். எனவே தரையை ஒட்டிய முதல் இரண்டடியைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். இலையில் கருப்புப் புள்ளி தோன்றி, அதன் ஓரம் நார் நாராக விரிந்து பெரிதாகிக்கொண்டிருந்தால் அதுதான். அடித்தண்டில் பட்டை கறுத்து ஈரமாக அழுகினால் நிலைமை முற்றிவிட்டது. இலை பச்சையாகவே உதிரத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் கொடி முழுதும் பட்டுப்போகும். தரையில் ஓடும் கொடிகளுக்கே நோய் முதலில் தொற்றும். அவற்றைச் சுருட்டித் தாங்குமரத்தோடு கட்டிவிடுங்கள், அல்லது அறுத்து நீக்குங்கள். இதை அன்றைக்கே செய்யலாம், மண்ணைத் தொடாத வேலைதான். நோய் கண்ட இலையை வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், உரக்குழிக்குள் போடாதீர்கள். நோய் கண்ட கொடியைத் தொட்ட கையோடும் கத்தியோடும் நல்ல கொடியிடம் போகாதீர்கள்.

போர்டோ கலவை தெளிப்பது பழைய முறை, இன்றும் பலனளிக்கும் முறை. 1885-இல் பிரான்ஸ் நாட்டில் திராட்சைக் கொடிக்காக மில்லார்தே என்பவர் வெளியிட்டது. பத்து லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், நீறாத சுண்ணாம்பு 100 கிராம். துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பை நீற்றி 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனி பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து வடிகட்டுங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. நன்றாகத் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள். அன்றே கலக்கி அன்றே தீர்க்க வேண்டும். மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், ஆவணி வாக்கில் ஒருமுறையும் தெளிப்பது வழக்கம். இலை ஈரமாக இருக்கும் இந்தக் காலையில் தெளித்தால் மருந்து ஒழுகிப் போய்விடும், வெயில் கண்டு இலை காய்ந்த நாளுக்கு அதை ஒத்திவையுங்கள்.

அடுத்தது வாழை. இங்கே ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பேயன், பாளையங்கோட்டான் என்று பல வகை உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டியும் உங்கள் விளையில் நிற்கலாம். குலை தள்ளிய வாழை ஊறிய மண்ணில் குலையின் பக்கமாகச் சாயும். வேர் மேலே வந்துவிட்டதா, மூட்டில் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சற்றே சாய்ந்ததற்கு அந்தப் பக்கமே முட்டுக் கொடுங்கள். தூக்கி நிமிர்த்தப் பார்த்தால் மிச்சமிருக்கும் வேரும் அறும். முழுதாக விழுந்ததை வெட்டி, காயைக் கறிக்கும் தண்டைப் பொரியலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கக் கன்று ஒன்று நின்றால் அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மரச்சீனிக்குத் தண்ணீர் தங்கவே கூடாது. மேட்டில் வைத்ததற்குப் பயமில்லை. பள்ளத்தில் நின்று, மூட்டில் தண்ணீர் தேங்கி, இலை மஞ்சளானால் கிழங்கு அழுகத் தொடங்கியிருக்கும். விளைந்த கிழங்கென்றால் பிடுங்கிவிடுவதே நல்லது. ஆனால் பிடுங்கினது இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது, உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். அண்டை வீட்டோடு பங்கிட்டுச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். கசப்பு வகையாக இருந்தால் நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

தென்னைக்கு அண்ணாந்து பார்த்தால் போதும், அன்றைக்கு யாரையும் ஏறச் சொல்லாதீர்கள். நனைந்த மரம் வழுக்கும். நடுக்குருத்து நிமிர்ந்து பச்சையாக நிற்கிறதா என்பதே கேள்வி. அது வெளிறி வாடிச் சாய்ந்தால் குருத்தழுகல் நோயாக இருக்கலாம். இளம் தென்னைக்கு இது அதிகம் வரும். கைக்கெட்டும் கன்றானால் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்து, அடியில் அழுகல் வாடை வீசினால் சந்தேகமே வேண்டாம். மரம் காய்ந்தபின் அழுகியதை நல்ல பகுதி வரை செதுக்கி எடுத்து, துத்தமும் சுண்ணாம்பும் நூறு நூறு கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்த்த போர்டோ பசையைப் பூசி, மழை படாமல் மூடிவைக்க வேண்டும். முன்கூட்டியே கண்டால் மரம் பிழைக்கும்.

நத்தையும் கொசுவும்

ஆப்பிரிக்க ராட்சத நத்தை உங்கள் விளையில் இருந்தால் மழைக்கு மறுநாள் காலைதான் அது கண்ணில் படும், வெயில் வந்ததும் சருகுக்கும் கல்லுக்கும் அடியில் போய்விடும். பப்பாளி, வாழை, காய்கறி எதையும் விடாது. வெறும் கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவை இது சுமக்கும், அது மனிதரின் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிப் பொறுக்கி, கெட்டியாக உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டு, செத்த பிறகு குழியில் மூடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் மண் கெட்டுவிடும். முந்தின நாள் மாலையே நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் வைத்தால் காலையில் ஒரே இடத்தில் கூடியிருக்கும். மண்ணுக்குள் மிளகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் குவிந்திருந்தால் அவற்றையும் விடாதீர்கள். கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்களையும் இந்த நாட்களில் நன்றாகக் கழுவுங்கள். செம்போத்து இந்த நத்தையைத் தின்னும் பறவை. அது வந்து போகிற வேலிப் புதரை வெட்டாமல் வைத்திருங்கள்.

கொசு விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே மழைக்கு மறுநாள் ஒருமுறை, அதிலிருந்து வாரம் ஒருமுறை தண்ணீரைக் கவிழ்த்தால் அது பறக்கவே முடியாது. நம் விளைகளில் தொட்டியையும் டயரையும்விட மறந்து போகிற இடங்கள் வேறு: விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, மல்லாந்த சிரட்டை, ரப்பர் மரத்தில் பால் எடுக்காத நாளில் நிமிர்ந்திருக்கும் சிரட்டை, வெட்டிய மூங்கில் கணு. பால் வெட்டாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும்படி வெட்டுகாரரிடம் சொல்லுங்கள். பாத்திரத்தின் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரியும்.

தேங்கிய தண்ணீரில் இறங்க நேர்ந்தால் காலில் வெட்டுக்காயமோ பித்தவெடிப்போ இருக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக நுழையும். கட்டாயம் இறங்க வேண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள். பின்னர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தேங்கிய தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. தொட்டி ஓரத்து இலையில் வெள்ளை நுரையாக ஒட்டியிருப்பது மரத்தவளையின் முட்டைக்கூடு, பொரிந்ததும் குஞ்சுகள் தண்ணீரில் விழும். மண்புழு கழித்த குருணைகள் மேலே குவிந்திருந்தால் அந்த இடத்தில் மண் உயிரோடு இருக்கிறது. மரவட்டையால் பயமில்லை. முளைத்திருக்கும் காளானை, உள்ளூரில் வழிவழியாகப் பறித்துச் சாப்பிடுகிறவர் பார்த்துச் சொன்னாலன்றிச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பும் வழியில் கிணறு

கிணற்றை எட்டிப் பார்க்கும் முன் சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள். விரிசலோ பள்ளமோ கண்டால் பக்கத்தில் நிற்காதீர்கள், உறை இறக்காத கிணறு மழைக்காலத்தில் இடிந்து உள்வாங்குவதுண்டு. தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று முழுவதையும் ஒரேயடியாக மோட்டார் போட்டு இறைப்பதும் ஆபத்து, உள்ளே தாங்கி நின்ற தண்ணீர் போனதும் சுற்றுமண் சரியும்.

மேல்தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். அளவு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்திருந்தால் 5 கிராம். தண்ணீரின் அளவைக் கணக்கிட, விட்டத்தின் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14-ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் என்றால் 9.42 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்குச் சுமார் 24 கிராம், வெள்ளம் புகுந்தால் 47 கிராம். பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிற தண்ணீரை அதன் பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மண் காய்ந்த பிறகு

கைப்பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பாருங்கள். பளபளவென்று உருண்டையாகவே நின்றால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் மம்பட்டியை எடுக்கலாம். முதலில் நீங்கள் நட்ட குச்சிகளிடம் போய் அரிப்பின் தலைப்பை அடைத்து, தேங்கிய இடத்தில் வாய்க்கால் கீறி, வண்டலை மேலே ஏற்றுங்கள். உரம் வைக்க வேண்டுமென்றால் அதற்கும் இதுதான் நேரம். பெருமழைக்கு முன்னால் வைத்த உரம் தோட்டில்தான் சேரும். ஈரம் இருந்து மழை விட்டிருக்கும் நாளில், ஒரேயடியாக இல்லாமல் பிரித்துப் பிரித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

ஜூன் கடைசியில் திருவாதிரை ஞாற்றுவேலை (சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்கும் இரண்டு வாரம்) நேரமாக இருந்தால், வேர்விட்ட நல்லமிளகுக் கொடி இரண்டு மூன்றை வாங்கி நடுங்கள். தாங்குமரத்தின் வடக்குப் பக்கம், ஓரடி தள்ளிக் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி நட்டு, கொடியை மரத்தோடு சாய்த்துக் கட்டுங்கள். அடியில் தண்ணீர் தங்காதபடி மண்ணைச் சற்று மேடாக அணைத்துவிடுங்கள்.